பேர் வைத்த சேவலை அடுப்பில் ஏற்றலாமா?

வீட்டுக் கோழி: வாசகர் கேள்வி - பதில்

கேள்வி: அக்கா, போன வருஷம் தேர்த் திருவிழாவில் பெண் அடம்பிடித்தாள் என்று கலர் கோழிக்குஞ்சு நாலு வாங்கிக் கொடுத்தோம். மூன்று ஒரு வாரத்துக்குள் செத்துவிட்டன. ரோஸ் சாயம் பூசிய குஞ்சு மட்டும் பிழைத்தது. ரோசாப்பூ என்று பேர் வைத்தாள். இப்போது சாயமெல்லாம் போய், வெள்ளைவெளேர் என்று சேவலாக நிற்கிறது. விடிகாலை மூன்றரைக்கே கூவுகிறது, வருகிறவர் காலில் கொத்துகிறது. தீபாவளிக்கு அடித்துவிடலாம் என்கிறார் மாமியார். பிள்ளை பள்ளிக்கூடம் போன நேரத்தில் முடித்துவிட்டு, நாய் தூக்கிக்கொண்டு போய்விட்டது என்று சொல்லிக்கொள்ளலாம் என்கிறார் வீட்டுக்காரர். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கடையில் கறி எடுக்கிற குடும்பம்தான் எங்களுடையது. அப்படியிருக்க இந்த ஒரு கோழிக்கு மட்டும் ஏன் எனக்கு நெஞ்சை அடைக்கிறது?
- வாசகி, தாராபுரம்

பதில்: தங்கச்சி, நாய் தூக்கிக்கொண்டு போனது என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். மற்றதை அப்புறம் பேசலாம்.

எனக்கு அப்போது எட்டு வயது. வீட்டில் ஒரு செவலைப் பெட்டை இருந்தது. கழுத்தைச் சுற்றி மட்டும் கறுப்பு வரி ஓடும். பள்ளிக்கூடம் விட்டு வந்து வாசற்படியில் உட்கார்ந்தால் மடியில் ஏறிப் பாவாடை மடிப்புக்குள் தலையை நுழைத்துக்கொள்ளும். கோழிக்குக் கண்ணிமை கீழேயிருந்து மேலே ஏறி மூடும். கிட்டத்தில் வைத்துப் பார்த்தவர்களுக்குத்தான் அது தெரியும். அந்த இமை பாதி ஏறும், இறங்கும், மறுபடி ஏறும், அப்படியே தூங்கிவிடும். ஒருநாள் வெளியூரிலிருந்து பெரியப்பா வந்திருந்தார். ராத்திரி கோழிக் குழம்பு. செவலையை எங்கே என்று கேட்டேன். மரநாய் பிடித்துவிட்டது என்றார் அப்பா. நம்பிவிட்டேன். அழுதுகொண்டேதான் சாப்பிட்டேன், இன்னொரு கரண்டி குழம்பும் கேட்டு வாங்கினேன். மறுநாள் காலையில் குப்பைக்குழியில் சாம்பலுக்கு அடியில் கறுப்பு வரி போட்ட இறகுகள் கிடந்தன. மரநாய் இறகைச் சாம்பல் போட்டு மூடாது என்பது எட்டு வயதுப் பிள்ளைக்கும் தெரியும்.

கோழி அறுத்தது எனக்குப் புதிதில்லை. மாதம் ஒன்று எங்கள் வீட்டில் அறுபடும். இறகு பிடுங்க நானும் உட்கார்ந்திருக்கிறேன். என்னிடம் பொய் சொல்லி அதை என்னையே தின்ன வைத்தாரே, அதுதான் ஆறவில்லை. அப்பா போய் இருபது வருஷம் ஆகிறது. அவரைப் பற்றி நல்லதாக எவ்வளவோ நினைத்துக்கொள்கிறேன். இந்த ஒன்று மட்டும் நடுவில் வந்து நிற்கும்.

உங்களுக்கு நெஞ்சு அடைப்பதில் ஒரு தப்பும் இல்லை. கடையில் எடுக்கிற கறிக்கோழி ஆறு வாரத்துக்குள் எங்கோ ஒரு கொட்டகையில் வளர்ந்து வந்தது. அது எப்படி நடக்கும், எதற்குப் பயப்படும் என்று உங்களுக்குத் தெரியாது. ரோசாப்பூவை ஒரு கைப்பிடிக்குள் அடங்குகிற குஞ்சாக வாங்கி வந்தீர்கள். நீங்கள் எழுதவில்லை, ஆனாலும் சொல்கிறேன்: அட்டைப்பெட்டிக்குள் பல்பு தொங்கவிட்டு நாலு ராத்திரி எழுந்து எழுந்து பார்த்திருப்பீர்கள். சூடு இல்லாமல் தாயில்லாக் குஞ்சு பிழைக்காது. நாலில் ஒன்றாவது பிழைத்தது என்றால் அது உங்கள் கை செய்த வேலை.

அந்தக் குஞ்சு எங்கிருந்து வந்தது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். முட்டைக்கோழிப் பண்ணைக்குப் பெட்டைதான் வேண்டும். பொரித்த அன்றே சேவல் எது, பெட்டை எது என்று பிரித்துவிடுவார்கள். அந்த ஜாதிச் சேவல் முட்டையும் போடாது, கறிக்கோழி மாதிரிச் சீக்கிரம் சதையும் வைக்காது. வளர்த்தால் தீனிக்காசுதான் நஷ்டம் என்று பெரும்பாலும் அன்றைக்கே அழித்துவிடுகிறார்கள். மிஞ்சியதில் ஒரு பங்கு ரோஸும் பச்சையுமாகச் சாயம் ஏறித் திருவிழாக் கூடைக்கு வருகிறது. அந்தச் சேவல்தான் இன்று உங்கள் வாசலில் நிற்கிறது. இனிமேல் எந்தத் திருவிழாவிலும் கலர்க் குஞ்சு வாங்காதீர்கள். நாம் கொடுக்கிற பத்து ரூபாய்க்குத்தான் அடுத்த கூடை நிறைகிறது.

இனி, கறியா வளர்ப்பா என்ற கேள்விக்கு வருகிறேன். எங்கள் வீட்டில் ஒரு கட்டு உண்டு. பேர் வைத்தது அடுப்புக்குப் போகாது. அடுப்புக்குப் போகிறதற்கு யாரும் பேர் வைக்கக் கூடாது. கட்டு ஏன் வந்தது என்றால், கோழி வளர்க்கிறவர் யாரானாலும் ஒருநாள் சேவல் கணக்குப் பார்த்தே தீர வேண்டும். சிறுவிடை என்கிற சின்ன உடம்பு நாட்டுக்கோழிப் பெட்டைக்குப் பன்னிரண்டு முட்டை அடை வைக்கிறேன். 21-ம் நாள் பொரிக்கிறது. கூமுட்டை போக, பருந்துக்கும் கீரிக்கும் போக, எட்டு தேறுகிறது என்று வையுங்கள். அதில் நாலு சேவலாகத்தான் இருக்கும். எட்டுப் பத்துப் பெட்டைக்கு ஒரு சேவல் போதும். நாலையும் விட்டுவைத்தால் மாறி மாறி மிதித்துப் பெட்டைகளின் முதுகில் இறகே இருக்காது, தோல் கிழிந்து புண்ணாகிவிடும். சேவல்களோ ஒன்றையொன்று கொண்டையைக் கிழித்துக்கொள்ளும். எல்லாக் கோழியையும் செல்லமாகவே வளர்ப்பேன் என்று சொல்கிறவர்களை நான் மதிக்கிறேன். ஆனால் அவர்கள் அடை வைக்கக் கூடாது. அடை வைத்துவிட்டு, சேவல்களைச் சந்தைக்குக் கொடுத்துவிட்டு, நான் அறுப்பதில்லை என்று சொல்லிக்கொள்வது சரியில்லை. சந்தைக்குப் போன சேவல் எங்கே போகிறது என்று எல்லோருக்கும் தெரியும்.

பேரன் லீவுக்கு வருகிறான். ஒரு அடைக்கு ஒரு குஞ்சு அவனுடையது. பொரித்த வாரமே பார்த்து எடுத்துக்கொள்ள வேண்டும், பிறகு மாற்றக் கூடாது. மற்றவை என்ன ஆகும் என்பதை அன்றைக்கே அவனிடம் சொல்லிவிடுகிறேன். முதல் வருஷம் அழுதான். இப்போது பஞ்சாரத்தைத் தூக்கி, குந்தியிருந்து, அரை மணி நேரம் பார்த்துத்தான் எடுக்கிறான்.

உங்கள் வீட்டில் பேர் வைத்தாயிற்று. அதனால் ரோசாப்பூவை விட்டுவிடுங்கள். மாமியாரை மட்டும் கல்நெஞ்சு என்று நினைத்துவிடாதீர்கள். அவர் காலத்தில் கோழி என்றால் முட்டைக்காசு, காய்ச்சலில் கிடக்கும் பிள்ளைக்குச் சாறு, வந்த விருந்தாளிக்கு மரியாதை. எல்லாக் கோழியையும் குஞ்சிலிருந்து கையில் வைத்து வளர்த்தவர்தான் அவரும். தீபாவளிக்கு முதல் வாரமே நல்ல நாட்டுக்கோழியாக ஒன்று அவரையே பார்த்து வாங்கச் சொல்லுங்கள். இந்த வெள்ளைச் சேவல் ஜாதி உடம்பு ஒல்லி, ஒரு வயசும் தாண்டிவிட்டது. நாலு விசில் விட்டாலும் நார் நாராகத்தான் நிற்கும் என்று அவருக்கே தெரியும், கேட்டுப் பாருங்கள்.

கூவுவதை முழுக்க நிறுத்த முடியாது. விடியப்போகிறது என்பதை அதன் உடம்புக்குள் இருக்கிற கடிகாரமே சொல்லிவிடும். தெருவிளக்கு வெளிச்சம் படாத மூலையில், பக்கத்து வீட்டு ஜன்னலுக்கு எதிர்ப்பக்கமாகக் கூண்டை வைத்து, கோணி போட்டு மூடினால் சத்தம் கொஞ்சம் அடங்கும். காற்றுக்கு இடம் விடுங்கள். கொத்துகிற சேவலுக்கு முன்னால் ஓடக் கூடாது, எட்டி உதைக்கவும் கூடாது. இரண்டுமே அதற்குச் சண்டைக்கு அழைப்பு. நின்ற இடத்தில் நில்லுங்கள். பிறகு மெதுவாகத் தூக்கி, இறக்கையோடு சேர்த்து அணைத்து, பத்து நிமிஷம் இடுப்பில் வைத்துக்கொண்டு நடங்கள். இதைத் தினமும் செய்தால் பெரும்பாலும் தணிந்துவிடும். கால் முள்ளின் கூர்நுனியை மட்டும் நகம் வெட்டுவதுபோல் மழுக்கலாம். உள்ளே ரத்த ஓட்டம் உண்டு, ஆழமாகப் போகாதீர்கள். குட்டிப் பிள்ளைகள் முகத்துக்கு நேராக அதைத் தூக்க விடாதீர்கள், கண்ணைக் கொத்தும். தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும், முத்தம் கொடுப்பது வேண்டவே வேண்டாம்.

இத்தனைக்குப் பிறகும் அறுப்பது என்றே வீட்டில் முடிவானால், பெண்ணிடம் முதல்நாளே சொல்லிவிடுங்கள். அழுவாள், அழட்டும். அவள் தட்டில் அதைப் போடாதீர்கள். பகலில் தெருத்தெருவாகத் துரத்திப் பிடிக்க வேண்டாம். ராத்திரி கூண்டில் அடைந்தபின் இருட்டில் கையை விட்டு எடுத்தால் சத்தமே போடாது. தீட்டிய கத்தியோடு பழகிய கை ஒன்று போதும்.

கேள்வி: மகன் காய்ச்சலில் கிடந்தபோது குலசாமிக்கு ஒரு சேவல் நேர்ந்துவிட்டோம். எட்டு மாதமாக வீட்டில் வளர்கிறது. இப்போது பிழைத்து எழுந்த மகனே, என் பேரைச் சொல்லி அதை வெட்டக் கூடாது என்கிறான். சாமி குற்றம் ஆகிவிடுமோ என்று பயமாக இருக்கிறது.
- வாசகர், சிவகாசி

பதில்: ஐயா, நேர்ந்துகொண்டது நீங்களும் உங்கள் வீட்டம்மாவும். மகன் சொல்வது அந்தச் சேவலுக்கும் தனக்கும் உள்ள சொந்தத்தை வைத்து. இரண்டும் உண்மை. எங்கள் கருப்பசாமி கோயிலில் இரண்டு வழியும் இருக்கிறது. அறுத்துப் பொங்கல் வைக்கிறவர்கள் அறுக்கிறார்கள். வேண்டாம் என்கிறவர்கள் சேவலை உயிரோடு கோயிலில் விட்டுவிட்டு வருகிறார்கள். காணிக்கை செலுத்தியதாகவே கணக்கு. ஆனால் அப்படி விட்ட சேவலைக் கடைசியில் ஏலம் போடுகிற கோயில்களும் உண்டு. ஏலத்தில் எடுத்தவர் வீட்டுக் குழம்புக்குத்தான் அது போகும். அதை முன்னாலேயே மகனிடம் சொல்லிவிடுங்கள். நீங்களே ஏலத்தில் எடுத்து வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுவருவதற்கும் தடையில்லை. போன ஆடியில் எங்கள் ஊரில் ஒருவர் அப்படித்தான் எடுத்துப் போனார்.

2003-ல் கோயில்களில் ஆடு, கோழி பலியிடக் கூடாது என்று பழைய சட்டத்தை அரசு கடுமையாக அமல்படுத்தியதும், ஊர் ஊராக மனக்கசப்பு ஏறியதும், 2004-ல் அந்தச் சட்டத்தையே விலக்கிக்கொண்டதும் உங்களுக்கு நினைவிருக்கும். மேலிருந்து உத்தரவு போட்டு மாற்றக்கூடிய காரியம் இல்லை இது. உங்கள் வீட்டிலும் அப்படியே. மகனை உட்கார வைத்து, பூசாரியிடமும் பங்காளிகளிடமும் அவனையே பேசச் சொல்லுங்கள்.

கேள்வி: ஐந்து வயசுப் பெட்டை முட்டையை நிறுத்திவிட்டது. இரண்டு நாளாக வெள்ளையாகக் கழிகிறது, கழுத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு நிற்கிறது. சாவதற்குள் அறுத்துவிடுங்கள், வீணாகப் போகாது என்கிறார்கள் பக்கத்து வீட்டில்.
- வாசகி, துறையூர்

பதில்: அறுக்கவே கூடாதம்மா. நீங்கள் சொல்கிற அடையாளம் வெள்ளைக்கழிச்சலுக்கு, அதாவது ராணிக்கெட் நோய்க்குப் பொருந்துகிறது. வேறு கழிச்சலாகவும் இருக்கலாம், பறவைக் காய்ச்சலாகவும் இருக்கலாம். பார்வைக்கு நம்மால் பிரிக்க முடியாது. அறுத்த ரத்தமும் குடலும் கழுவின தண்ணீரும் தெரு முழுக்க உள்ள கோழிகளுக்கு நோயைக் கொண்டுபோகும். இன்றைக்கே தனியாகக் கூடையில் வைத்து, கால்நடை மருந்தகத்தில் சொல்லுங்கள். இறந்துவிட்டால் ஆழமாகக் குழி வெட்டி, சுண்ணாம்பு போட்டுப் புதையுங்கள். வாய்க்காலில் வீசாதீர்கள். பிழைத்துக்கொண்டால், மருந்து கொடுத்த கோழியின் முட்டையை எத்தனை நாள் கழித்துச் சாப்பிடலாம் என்றும் டாக்டரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

வயசான பெட்டை முட்டை விடவில்லை என்பதற்காக மட்டும் அதை வேண்டாம் என்று நினைக்காதீர்கள். இறகு உதிர்க்கிற காலத்தில் இளம்பெட்டைகூட நிறுத்திவிடும். என்னிடம் ஏழு வயசுச் சாம்பல் நிறச் சிறுவிடை ஒன்று இருக்கிறது. வருஷத்துக்குப் பத்து முட்டை போட்டால் அதிகம். ஆனால் மற்றப் பெட்டைகளின் முட்டைக்கெல்லாம் அதுதான் அடை. பருந்து நிழல் விழுந்தால் அது கொடுக்கிற ஒரு குரலுக்கு முற்றத்துக் குஞ்சு அத்தனையும் ஓடிவந்து அதன் இறக்கைக்குள் பதுங்கிவிடும். சாயங்காலம் ஒரு பிடி கம்பு, மிஞ்சின சோறு. அது கேட்பது அவ்வளவுதான்.

மிச்சமிருக்கும் கோழிகளுக்குத் தடுப்பூசி பற்றி மருந்தகத்தில் இப்போதே கேளுங்கள். குஞ்சுக்கு ஏழாம் நாள் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு, எட்டாம் வாரம் இறக்கைக்கு அடியில் ஊசி. கால்நடைத் துறை வழக்கமாகப் பிப்ரவரியில் ஊர் ஊராக முகாம் போட்டு இலவசமாகப் போடுகிறது. அன்றைக்கு விடிந்ததும் கூண்டைத் திறந்துவிடாதீர்கள். திறந்துவிட்டால் டாக்டர் வரும்போது ஒரு கோழியும் கையில் அகப்படாது.