ஒப்புக்குச் சப்பாணி – கடிதம்

வணக்கம் ஐயா,

என் எட்டு வயது மகன் தெருவில் கிரிக்கெட் ஆடிவிட்டு அழுதுகொண்டே வந்தான். அவன் அவுட் ஆனாலும் கணக்கில்லையாம், அடித்த ரன்னும் கணக்கில்லையாம். “நீ ஒப்புக்குச் சப்பாணி” என்று சொன்னது அவனுடைய உயிர்ச் சிநேகிதன், நான்கு வயது மூத்தவன். அந்தப் பையன் வீட்டில் போய்க் கேட்கலாமா?

ஒரு வாசகி, காட்பாடி

அன்புள்ள சகோதரிக்கு,

சின்ன விஷயம் என்று தள்ளிவிடாமல் எழுதினீர்களே, நல்லது. ஆம்பூரில் படித்து அங்கேயே ஆசிரியராகவும் இருந்த தேவநேயப் பாவாணர், தமிழ்நாட்டு விளையாட்டுகளைத் தொகுத்து நூலே எழுதியவர். பெரியவர்கள் கவனிக்க வேண்டியதுதான் இது.

ஆனால் போய்க் கேட்காதீர்கள்.

நான் பள்ளிகொண்டாவில் வளர்ந்தவன். கோடையில் வறண்டு கிடக்கும் பாலாற்று மணலில்தான் எங்கள் சடுகுடு. கட்சி பிரிக்க உத்தி கட்டுவோம். உயரத்திலும் பலத்திலும் சமமான இரண்டு பேர் தோளில் கைபோட்டுத் தள்ளிப் போய், ஆளுக்கொரு பெயரை ரகசியமாக வைத்துக்கொண்டு வருவார்கள். “மாங்கா வேணுமா, புளியங்கா வேணுமா?” தலைவன் கேட்ட காய் அவன் பக்கம், மற்றது எதிர்ப்பக்கம். எந்தக் காய் யார் என்று அவனுக்குத் தெரியாது. பலசாலிகள் எல்லாம் ஒரே பக்கம் சேர வழியே இல்லை.

எனக்குத்தான் உத்தி கட்ட ஜோடி கிடையாது. எல்லோரிலும் சின்னவன். வீட்டுக்குப் போடா என்று சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. ஒப்புக்குச் சப்பாணி ஆக்கி, இரண்டு பக்கத்துக்கும் பாடிப் போகவிட்டார்கள். அந்தச் சொல் எனக்குப் பிடிக்காது, நடக்க முடியாதவர்களைக் குத்துகிற சொல். ஆனால் அந்த ஏற்பாட்டில் என்னை யாரும் அமுக்க மாட்டார்கள், என்னால் யாரும் தோற்கவும் மாட்டார்கள்.

ஒருநாள் பாடிப் போனேன். என்னை முதலில் ஆட்டத்தில் சேர்க்கச் சொன்ன பையனே என் கணுக்காலை இறுக்கிப் பிடித்தான். வாயெல்லாம் மணல், மூச்சு விட்டுவிட்டேன். “அவுட்டு!” என்றான். எழுந்து போய், கோட்டுக்கு வெளியே அவுட் ஆனவர்களோடு உட்கார்ந்தேன். நகர்ந்து இடம் கொடுத்தார்கள். அன்றைய சந்தோஷம் இன்னும் மறக்கவில்லை.

உங்கள் மகனுக்கும் அந்த நாள் வரணும். அடுத்த வருஷமும் இப்படியே வைத்திருந்தாலோ, வயதைத் தவிர வேறு காரணத்துக்காக ஒதுக்கினாலோ அது அநியாயம். அப்போது அவசியம் போய்ப் பேசுங்கள். இப்போதைக்கு அவனே தன் சிநேகிதனிடம் கேட்கட்டும்: “ஒரு ஓவராவது என்னைக் கணக்குல வச்சுக்கோண்ணா.”