கீச்சு எங்கிருந்து வந்தது? கேள்வி பதில்

கே: 'கீச்சு' என்பது ட்வீட்டுக்காக இட்டுக்கட்டிய சொல்தானே?

ப: இல்லை. சொல் பழையது, அதற்கு ஏறிய பொருள்தான் புதிது. ட்விட்டர் பரவியபோது இணையத் தமிழர்கள் கையிலிருந்த ஒலிக்குறிப்பையே எடுத்துக்கொண்டார்கள். எழுதுவது கீச்சு, எழுதுபவர் கீச்சர், தளம் கீச்சகம். திருப்பாவையின் ஏழாம் பாசுரத்தைத் திறந்து பாருங்கள்: "கீசுகீசென்று எங்கும் ஆனைச்சாத்தன் கலந்து பேசின பேச்சரவம் கேட்டிலையோ". விடியுமுன் பறவைகள் கலந்து போடும் சத்தத்தை ஆண்டாள் 'பேச்சு' என்றே சொல்கிறாள். அடுத்து ஆய்ச்சியரின் அணிகள் கலகலக்கின்றன, மத்து தயிரில் ஓசை எழுப்புகிறது. ஊர் விழித்துவிட்டது என்பதற்கு அவள் காட்டும் சாட்சி எல்லாமே காதுக்கானவை. ஆளாளுக்கு இரண்டு வரி பேசும் ஓர் இடத்துக்கு இதைவிடப் பொருந்தும் சொல் கிடைக்காது.

கே: அப்படியானால் ட்விட்டர் என்பதே தமிழிலிருந்து போனதா?

ப: போகவில்லை. ஆங்கிலத்தில் அது 14ஆம் நூற்றாண்டில், கவிஞர் சாசர் காலத்திலேயே உள்ள வினைச்சொல்; பறவை கீச்சிடுவதைக் குறிக்கும். ஜெர்மனில் அதன் உறவுச்சொல் 'ட்ஸ்விட்ஷர்ன்'. பறவை ஒலியைக் காதால் கேட்டு வாயால் திரும்பச் சொன்ன சொற்கள் எந்த மொழியிலும் கிட்டத்தட்ட ஒன்றுபோல் இருக்கும். ஒலி ஒத்துப்போவதை மட்டும் வைத்து வேர் சொல்லாதீர்கள்.

கே: ட்விட்டர் என்று பெயர் வைத்தது யார்?

ப: 2006, சான் பிரான்சிஸ்கோ, ட்விட்டர் பிறந்த ஓடியோ நிறுவனம். பெயரைக் கண்டெடுத்தவராக அதன் நிறுவனர்களில் ஒருவரான நோவா கிளாஸைச் சொல்வார்கள். போன் அதிர்வதை நினைத்து 'ட்விட்ச்' என்றும் யோசித்திருக்கிறார்கள். பிறகு அகராதியில் பக்கத்திலேயே இருந்த ட்விட்டர் பிடித்துப்போனது. 'ட்வீட்' மட்டும் நிறுவனம் தந்த சொல் அல்ல. அவர்கள் முதலில் 'அப்டேட்' என்றுதான் சொன்னார்கள். ட்வீட்டைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்ததில் ட்விட்டரிஃபிக் என்ற வெளியார் செயலிக்கும் பயனர்களுக்கும்தான் பெரும்பங்கு.

கே: என் கணக்கை முடக்கிவிட்டார்கள். எப்படி மீட்பது?

ப: அந்தத் தளத்தின் உதவிப் பக்கத்தில் கேளுங்கள்.

கே: ஆனைச்சாத்தன் என்றால் மைனாதானே?

ப: இல்லை, கரிச்சான். வலியன், இரட்டைவால் குருவி என்றும் சொல்வார்கள்.

கே: கரிச்சான் கரகரவென்று அல்லவா கத்தும்? 'கீசுகீசு' எப்படிப் பொருந்தும்?

ப: நல்ல கேள்வி. பகலில் காக்கையையும் பருந்தையும் துரத்தும்போது கேட்டிருப்பீர்கள், அது அதட்டல். இருட்டு விலகுமுன் கேளுங்கள். மின்கம்பியில் வால் பிளந்து தெரிய உட்கார்ந்து, இரண்டிரண்டு அசையாகக் கூர்மையாக ஒலி எழுப்பும். அடுத்த கம்பத்திலிருந்து இன்னொன்று பதில் கொடுக்கும். 'கலந்து பேசின' என்பது அதுதான். மற்ற பறவைகளுக்கு முன்னால் விழிப்பதும் இதுதான், பாசுரத்தின் வேளையும் அதுவே. மலையாளத்தில் இன்றும் இதன் பெயர் ஆனறாஞ்சி. பெயரிலேயே ஆனை இருப்பதைப் பாருங்கள்.

கே: மலையாளப் பெயரில் ஆனை வந்தால் மட்டும் அது ஆதாரமா? மேலே நீங்களே ஒலி ஒற்றுமை கூடாது என்றீர்களே?

ப: கூடாதுதான். இங்கே ஆனை என்பது ஒலியில் ஒத்த சொல் அல்ல, இரு மொழிக்கும் பொதுவான அதே சொல். ஆனாலும் அதை நான் துணைச் சான்றாகத்தான் வைக்கிறேன். முதல் சான்று பறவையின் வழக்கமும் விடியல் வேளையும். மைனா என்பவர்கள் ஒருமுறை நாலரை மணிக்கு எழுந்து வெளியே வந்து நின்று கேட்டுவிட்டு எழுதுங்கள்.

கே: கீசு சரியா, கீச்சு சரியா?

ப: இரண்டும் சரி. பெயர்ச்சொல்லாக இன்று நிலைத்தது கீச்சு.

கே: குஞ்சுகள் கத்துவதைச் சொல்லும் ஆங்கில 'சீப்' (cheep) என்பதும் கீச்சிலிருந்து வந்ததுதானே?

ப: இரண்டாம் பதிலைப் படியுங்கள்.

கே: 2023இல் எக்ஸ் என்று மாற்றிவிட்டார்களே, இனி கீச்சு எதற்கு?

ப: நிறுவனம் தன் பெயரை மாற்றிக்கொண்டது, அவ்வளவுதான். ட்வீட் 2013லேயே ஆக்ஸ்போர்டு அகராதிக்குள் இந்தப் பொருளில் ஏறிவிட்டது. கீச்சு நாம் நம் பறவையிடமிருந்து எடுத்தது. தயங்காமல் எழுதுங்கள்.