பழைய போன் வாங்கினேன், திறக்க முடியவில்லை

கேள்வி: இணைய விளம்பரம் பார்த்து, ஒருவரை நேரில் சந்தித்து 9,500 ரூபாய்க்குப் பழைய ஆண்ட்ராய்டு போன் வாங்கினேன். இரண்டு வாரம் நன்றாக ஓடியது. மெதுவாக இருக்கிறதே என்று என் மகன் பட்டன்களை அழுத்திப் பிடித்து ரீசெட் செய்துவிட்டான். இப்போது, முன்பு இதில் இருந்த கூகுள் அக்கவுண்ட்டைக் கேட்கிறது. விற்றவர் போன் சுவிட்ச் ஆஃப். பக்கத்துக் கடையில் 1,500 ரூபாய்க்கு ‘எஃப்ஆர்பி எடுத்துத் தருகிறேன்’ என்கிறார்கள். கொடுக்கலாமா?
(திருச்சி வாசகி)

பதில்: இப்போதைக்குக் கொடுக்காதீர்கள். போன் பழுதாகவில்லை. திருடனுக்காக வைத்த பூட்டில் நீங்கள் மாட்டிக்கொண்டீர்கள், அவ்வளவுதான். கடைக்காரர் சொல்லும் ‘எஃப்ஆர்பி’ இந்தப் பூட்டுதான். 2015-இல் வந்த ஆண்ட்ராய்டு 5.1-இலிருந்து இது உண்டு. போனைப் பறித்தவன் உள்ளே இருப்பதையெல்லாம் அழித்தாலும், அதில் ஏற்கெனவே இருந்த அக்கவுண்ட்டைக் கொடுக்காமல் அடுத்த திரைக்குப் போக முடியாது. ஐபோனில் இதே வேலையைச் செய்யும் ‘ஆக்டிவேஷன் லாக்’ 2013-இலேயே வந்துவிட்டது.

நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால், விற்றவர் தன் அக்கவுண்ட்டை எடுக்காமலே போனைக் கொடுத்திருக்கிறார். நீங்களும் அவர் அக்கவுண்ட்டிலேயே இரண்டு வாரம் யூடியூப் பார்த்திருக்கிறீர்கள். இடையில் உங்கள் ஜிமெயிலை அதில் சேர்த்த ஞாபகம் இருக்கிறதா? இருந்தால் அதைக் கொடுத்துப் பாருங்கள், திறக்க வாய்ப்புண்டு.

இல்லையென்றால் விற்றவர்தான் வழி. விளம்பரத்தின் வழியாகவே அவருக்குச் செய்தி அனுப்புங்கள். ஐபோனாக இருந்தால் அவர் இருந்த இடத்திலிருந்தே தன் ஐகிளவுட் பக்கத்தில் அந்தப் போனை நீக்கிவிடலாம். ஆண்ட்ராய்டில் அந்த வசதியை நம்ப முடியாது. அவரே வந்து உங்கள் கையிலுள்ள போனில் பாஸ்வேர்டைத் தட்டுவதுதான் சரி. வராமல் போன் பேச்சிலேயே பாஸ்வேர்டைச் சொல்ல அவர் மறுத்தால் கோபித்துக்கொள்ளாதீர்கள், அது நியாயம்.

அவர் கிடைக்கவே இல்லையா? அப்போது சந்தேகப்பட வேண்டியதுதான். பெட்டியிலோ சிம் தட்டிலோ 15 இலக்க ஐஎம்இஐ எண் (ஒவ்வொரு போனுக்கும் உள்ள தனி அடையாள எண்) இருக்கும். உங்கள் மொபைலிலிருந்து கேஒய்எம் என்ற மூன்று ஆங்கில எழுத்துகள், ஒரு இடைவெளி, பிறகு அந்த எண் என்று அடித்து 14422-க்கு எஸ்எம்எஸ் அனுப்புங்கள். மத்திய அரசின் ‘சஞ்சார் சாத்தி’ தளத்திலும் பார்க்கலாம். தொலைந்த போன்களின் ஐஎம்இஐ எண்ணை நாடு முழுக்க முடக்கும் வசதி 2023 மே மாதம் அதில் வந்தது. ‘பிளாக்லிஸ்ட்’ என்று பதில் வந்தால் போனைக் காவல் நிலையத்தில் ஒப்படைப்பதுதான் உங்களுக்குப் பாதுகாப்பு. கூடவே வாங்கியதற்கான யுபிஐ ரசீதையும் அவருடன் பேசிய செய்திகளையும் எடுத்துப் போங்கள்.

இப்போது அந்த 1,500 ரூபாய். சில மாடல்களில் மென்பொருளின் ஓட்டை வழியாக இந்தப் பூட்டைத் தாண்ட முடியும் என்பது உண்மைதான். ஆனால் எண் முடக்கப்பட்ட போனாக இருந்தால், திறந்த பிறகும் சிக்னல் வராது. 9,500-உடன் 1,500-உம் சேர்ந்து போகும். ‘ஐஎம்இஐயையே மாற்றித் தருகிறேன்’ என்று யாராவது சொன்னால் கடையை விட்டு வெளியே வந்துவிடுங்கள். 2023-ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டப்படி அதற்கு 3 ஆண்டு வரை சிறை, 50 லட்சம் ரூபாய் வரை அபராதம்.

நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாமா என்றும் கேட்பீர்கள். தன் சொந்தப் போனை விற்ற தனி ஆளின் மீது அங்கே வழக்கு நிற்பது கடினம். பழைய போன் விற்பதையே தொழிலாக வைத்திருக்கும் கடையில் வாங்கியிருந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-ஐ அழைத்துப் புகார் சொல்லலாம், 2 ஆண்டுக்குள் ஆணையத்துக்கும் போகலாம். ஒரு 300 ரூபாய் குறைகிறதே என்று பில்லை வேண்டாம் என்பவர்கள் கோட்டை விடுவது இங்கேதான்.

அடுத்த முறை, விற்பவர் தன் அக்கவுண்ட்டை எடுத்து, உங்கள் கண் முன்னால் ரீசெட் செய்து, உங்கள் சிம்மும் ஜிமெயிலும் போட்டு முகப்புத் திரை வந்த பிறகு பணத்தை அனுப்புங்கள். கால் மணி நேரம் ஆகும். அந்தக் கால் மணி நேரம் நிற்க மாட்டேன் என்பவரிடம் வாங்காதீர்கள்.

கேள்வி: 72 வயது அம்மா போன் பேட்டர்னை மறந்துவிட்டார். காலமான அப்பாவின் படங்கள் அதில்தான் இருக்கின்றன. அழியாமல் திறக்க எவ்வளவு செலவாகும்?
(மதுரை வாசகர்)

பதில்: செலவு செய்து வாங்கக்கூடிய விஷயம் இல்லை இது. பத்துப் பன்னிரண்டு வருடத்துக்கு முந்தைய ஆண்ட்ராய்டு போன்களில் ‘பேட்டர்ன் மறந்துவிட்டதா’ என்று கேட்டு ஜிமெயில் வழியாகத் திறக்க விடும். அந்த நினைப்பில் சில கடைக்காரர்கள் இன்னும் ‘பார்க்கலாம்’ என்பார்கள். இன்றைய போன்களில் உள்ளே இருப்பது மறையாக்கம் செய்யப்பட்டிருக்கிறது, பேட்டர்ன்தான் அதற்குச் சாவி. பெரும்பாலும் கடையில் திறந்து தருவது என்றால் அழித்துத் தருவது.

அதனால் போனை விட்டுவிட்டுப் படங்களைத் தேடுங்கள். அம்மாவின் ஜிமெயிலை வேறொரு போனிலோ கம்ப்யூட்டரிலோ திறந்து கூகுள் போட்டோஸைப் பாருங்கள். பேக்கப் என்றால் என்னவென்றே தெரியாதவர்களின் படங்களும் பல நேரம் அங்கே போய்ச் சேர்ந்திருக்கும். சாம்சங் என்றால், இணையம் வழியாகப் பூட்டைத் திறக்கும் ‘ரிமோட் அன்லாக்’ வசதியை முன்பே இயக்கி வைத்திருந்தீர்களா என்றும் பாருங்கள். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் இருக்கும் அத்தை, சித்தப்பா போன்களையும் விடாதீர்கள்.

இன்னொன்று. அம்மாவிடம் ‘என்ன பேட்டர்ன், யோசிங்கம்மா’ என்று நச்சரிக்காதீர்கள். காலையில் காபி குடித்துவிட்டு அவர் வழக்கமாக உட்காரும் இடத்தில் போனைச் சும்மா கையில் கொடுங்கள். தலை மறந்ததை விரல் மறக்காமல் வைத்திருக்கும். என் வீட்டிலேயே அப்படித்தான் திறந்தது. ஆனால் ஆளாளுக்கு வாங்கி முயலாதீர்கள், தப்பாகப் போடப் போடக் காத்திருக்கும் நேரம் கூடிக்கொண்டே போகும்.

கேள்வி: ரீசார்ஜ் செய்யாததால் பழைய எண் போய்விட்டது. ஜிமெயில் பாஸ்வேர்டும் மறந்துபோனது, ஓடிபி அந்த எண்ணுக்குத்தான் போகிறது. கூகுளின் கஸ்டமர் கேர் எண் கிடைக்குமா?
(சேலம் வாசகர்)

பதில்: கிடைக்கும், அதுதான் ஆபத்து. பாஸ்வேர்டை மீட்டுத் தர கூகுள் யாரையும் போனில் உட்கார வைக்கவில்லை, அதற்குக் கட்டணமும் இல்லை. தேடினால் வரும் எண்கள் மோசடிக்காரர்களுடையவை. ஏற்கெனவே பேசிப் பணம் போயிருந்தால் இணைய மோசடிப் புகாருக்கான 1930 என்ற எண்ணை உடனே அழையுங்கள்.

எண் முடங்கி 90 நாள் ஆன பிறகுதான் அதை வேறொருவருக்குக் கொடுப்பார்கள். எனவே இன்றைக்கே ஆதாருடன் நிறுவனத்தின் ஷோரூமுக்குப் போய், அதே எண் திரும்பக் கிடைக்குமா என்று கேளுங்கள். கிடைத்தாலும் புது சிம்மில் முதல் 24 மணி நேரம் எஸ்எம்எஸ் வராமல் இருக்கலாம், பதறாதீர்கள்.

எண் போய்விட்டால், கூகுளின் அக்கவுண்ட் மீட்புப் பக்கத்தை நீங்கள் வழக்கமாக ஜிமெயில் பார்த்த அதே லேப்டாப்பில், அதே வீட்டு வைஃபையில் திறங்கள். பழக்கப்பட்ட கருவியும் இடமும் உங்களுக்குச் சாட்சி சொல்லும். புது போனில், ஊர் விட்டு ஊர் போன இடத்தில் முயன்றால் வாய்ப்பு குறைவு. பழைய பாஸ்வேர்டைக் கேட்டால் அரைகுறையாக நினைவிருப்பதையாவது போடுங்கள், காலியாக விடாதீர்கள்.

உள்ளே போனதும் முதல் வேலையாக எண்ணை மாற்றுங்கள். அப்புறம், ‘டூ-ஸ்டெப் வெரிஃபிகேஷனை’ (பாஸ்வேர்டுக்கு மேல் இன்னொரு சரிபார்ப்பு) இயக்கினால், ஓடிபி வராதபோது போடுவதற்கு ‘பேக்கப் கோட்’ என்று பத்து எண்களைக் கூகுள் தரும். காகிதத்தில் எழுதி ரேஷன் கார்டு இருக்கும் கவரிலேயே போட்டு வையுங்கள். ஸ்கிரீன்ஷாட் எடுத்து அதே போனில் வைத்தவர்களும் எனக்கு எழுதியிருக்கிறார்கள்.