பையில் ஒரு தோட்டா கிடைத்தது: டர்க்ஸ் அண்ட் கைகோஸ் பயணம்

டெக்சாஸில் வேட்டைக்குக் கொண்டுபோன பையில் ஒரு தோட்டா கிடைத்தது, அடுத்த வாரம் குடும்பத்தோடு கரீபியன் பகுதியில் இருக்கும் பிரிட்டிஷ் தீவுகளான டர்க்ஸ் அண்ட் கைகோஸ் போகிறோம், அந்தப் பையையே எடுத்துப் போகலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து வேண்டாம். வேறு பை வாங்கிவிடுங்கள்.

நானும் ஹூஸ்டன்காரன்தான். 2021 செப்டம்பரிலிருந்து டெக்சாஸில் கைத்துப்பாக்கியோடு நடமாட பெரும்பாலானோருக்கு உரிமமே தேவையில்லை. அதனால் ஒரு தோட்டா நமக்குச் சில்லறைக் காசு மாதிரி. அந்தத் தீவுகளில் அப்படியில்லை. அங்கே சுழலும் துப்பாக்கிகளில் பெரும்பாலானவை அமெரிக்காவிலிருந்து கடத்தி வந்தவை. அதனால் பிறந்த பயத்தில்தான் ஒரு தோட்டா வைத்திருந்தாலே குற்றம் என்று கடுமையான சட்டம் வைத்திருக்கிறார்கள். அந்தப் பயம் எனக்கு நியாயமாகவே படுகிறது. 2024இல் இப்படிப் பையில் மறந்துவிட்ட தோட்டாக்களால் அமெரிக்கர்கள் பலர் கைதானார்கள். சட்டப்படி குறைந்தபட்சத் தண்டனை 12 ஆண்டுகள். அந்த ஜூனில் சட்டத்தைத் திருத்தி, விதிவிலக்கான சூழலில் தண்டனையைக் குறைக்க நீதிபதிகளுக்கு இன்னும் அதிக இடம் கொடுத்தார்கள். ஆனாலும் வழக்கு முடியும்வரை தீவை விட்டுக் கிளம்ப முடியாமல் போகலாம். தூதரகத்தால் வக்கீல் பட்டியல் தர முடியும், விடுவிக்க முடியாது.

இங்கே கிளம்பும்போது ஸ்கேனரில் சிக்கவில்லை என்பதை நம்பாதீர்கள். திரும்பும்போது அங்கே சிக்கலாம். எல்லாப் பைகளையும் கவிழ்த்து உதறுங்கள். அப்புறம் அடி அட்டைக்குக் கீழே, கிழிந்த உள்துணிக்குள் விரல் விட்டுத் தடவிப் பாருங்கள். என் பையில் ஒன்று அங்கேதான் இருந்தது. பிள்ளைகளின் பைகளையும் விடாதீர்கள்.