குடும்ப நோய் வரலாறு: சுங்கை சிப்புட் மிஸ்ஸியிடம் (கிளினிக் தாதியிடம்) கேட்டவை

தேவி, லிந்தாங்: அப்பா நோயைப் பற்றி வாயே திறப்பதில்லை. எப்படிக் கேட்பது, மிஸ்ஸி?

அவருடைய நோயை முதலில் கேட்காதீர்கள். "தாத்தா எப்படித் தவறினார், அப்போ அவருக்கு என்ன வயசு?" என்று ஆரம்பியுங்கள். இறந்தவர்களைப் பற்றிப் பேசத் தொடங்கினால் தன் கதைக்கும் வந்துவிடுவார். திவசத்துக்கோ தீபாவளிக்கோ எல்லாரும் கூடும் நாளில், சாப்பிட்டு முடித்த பிறகு பேசுவது நல்லது.

ஒரு நோட்டில் மூன்று தலைமுறையை எழுதுங்கள்: இரு பக்கத்துத் தாத்தா பாட்டி, பெற்றோரும் அவர்களின் உடன்பிறப்புகளும், பிறகு நீங்களும் உங்கள் உடன்பிறப்புகளும். ஒவ்வொருவருக்கும் நோய், அது தெரியவந்த வயது, இறந்த வயது. வயதை விடாதீர்கள். நெருங்கிய ஆண் உறவினருக்கு 55 வயதுக்குள், பெண்ணுக்கு 65 வயதுக்குள் இருதய நோய் வந்திருந்தால்தான் டாக்டர் அதைக் குடும்ப ஆபத்தாகக் கணக்கில் எடுப்பார். "மாமா" என்று மட்டும் எழுதினால் அம்மாவின் தம்பியா, அத்தையின் கணவரா என்று தெரியாது. அத்தை கணவரின் நோய் உங்கள் ரத்தத்தில் வராது.

இறப்புப் பத்திரத்தை மட்டும் நம்ப வேண்டாம். வீட்டில் இறந்தவர்களுக்கு "சாக்கிட் துவா" (முதுமை நோய்) என்றே பல பத்திரங்களில் இருக்கும். உண்மையான நோய் தெரிய, கால் விரலை எடுத்தார்களா, டயாலிசிஸ் போனாரா, கடைசியில் ஒரு பக்கம் கை கால் விழுந்துவிட்டதா என்று கேளுங்கள். பழைய கிளினிக் கார்டு இருந்தால் எடுத்து வையுங்கள்.

முனியாண்டி: அம்மாவுக்கு இனிப்புநீர் (சர்க்கரை நோய்). எனக்கும் வருமா?

கட்டாயம் வரும் என்றில்லை, வாய்ப்பு அதிகம். 30 வயது ஆனதும் ஆண்டுக்கு ஒருமுறை, 8 மணி நேரம் சாப்பிடாமல் (தண்ணீர் குடிக்கலாம்) ரத்தம் சோதியுங்கள். அம்மாவுக்கு எந்த வயதில் வந்தது? அதையும் எழுதுங்கள்.

ராஜேஸ்வரி: எங்க அப்பாவுக்கு இனிப்புநீர், எனக்கு...

முனியாண்டிக்குச் சொன்னதுதான்.

செல்வம், சலாக்: அக்கா மகளைக் கட்டுவது நம் வழக்கம். சம்பந்தம் பேசும் இடத்தில் நோயை இழுத்தால் உறவு கெடும்.

மலேசியாவின் 1976 திருமணச் சட்டமே இந்துக்களுக்கு அந்த வழக்கத்தை அனுமதிக்கிறது; அதில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் தாய்மாமனும் அக்கா மகளும் பரம்பரைக் கூறில் ஏறக்குறைய காற்பங்கைப் பகிர்கிறார்கள். மாமன் மகள், அத்தை மகன் என்றால் எட்டில் ஒரு பங்கு. மறைந்திருக்கும் ஒரே குறை இருவரிடமும் இருக்கும் வாய்ப்பு அதனால்தான் கூடுகிறது. தாலசீமியா என்ற பரம்பரை ரத்த நோயை எடுத்துக்கொள்ளுங்கள்: ஒருவர் மட்டும் சுமப்பவரானால் (நோய் இல்லாமல் குறையை மட்டும் வைத்திருப்பவரானால்) பிள்ளைக்கு அந்த நோய் வராது. இருவரும் ஒரே வகையைச் சுமந்தால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் நான்கில் ஒரு வாய்ப்பு. முதல் பிள்ளைக்கு வந்துவிட்டது, இனி மூன்றும் தப்பும் என்று நினைப்பது தவறு.

செல்வம்: எங்க தாத்தா அப்படித்தான் கட்டினார். எல்லாரும் நல்லாத்தானே இருக்கோம்?

பாட்டி எத்தனை பிள்ளைகள் பெற்றார், எத்தனை தங்கியது என்று கேட்டீர்களா? கைக்குழந்தையில் போனவர்களை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. அவர்களையும், வயதோடு, நோட்டில் எழுதுங்கள்.

கமலா: ரத்தச் சோதனை கேட்டால் பெண் வீட்டார் கோபிப்பார்களே?

பெண்ணிடம் மட்டும் கேட்டால் கோபிக்கத்தான் செய்வார்கள். மாப்பிள்ளை முதலில் செய்து காட்டட்டும். முழு ரத்த எண்ணிக்கையில் சிவப்பணு சிறுத்திருந்தால் அடுத்து ஹீமோகுளோபின் பகுப்பாய்வு. 2016 முதல் பள்ளியில் நான்காம் படிவ மாணவர்களுக்குத் தாலசீமியா சோதனை நடக்கிறது. இளையவர்கள் அந்த முடிவைத் தேடி எடுங்கள். பத்திரிகை அடிப்பதற்கு முன்பே இதை முடித்துவிடுங்கள். சுமப்பவரை ரத்தச்சோகை என்று நினைத்து மாதக்கணக்கில் இரும்பு மாத்திரை கொடுப்பதும் நடக்கிறது. முதலில் ஃபெரிட்டின் (உடலில் உள்ள இரும்புச் சேமிப்பு) சோதனை பாருங்கள்.

சாந்தி: அப்பாவின் அக்காவுக்கு மார்பகப் புற்று. அப்பா பக்கம் கணக்கு உண்டா?

உண்டு. மார்பகப் புற்று ஆபத்தைக் கூட்டும் மரபணு அப்பா வழியாகவும் வரும். அத்தைக்கு 50 வயதுக்குள் வந்திருந்தால் தாமதிக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள்.

குமார்: அப்பாவின் இனிப்புநீர் மாத்திரையையே நானும் சாப்பிடலாமா? ஒரே நோய்தானே.

வேண்டாம். இனிப்புநீர் மாத்திரைகளில் சில, சர்க்கரையை ஆபத்தான அளவுக்கு இறக்கிவிடும். திங்கட்கிழமை வெறும் வயிற்றோடு கிளினிக் போங்கள்.