வேகமான காருக்கு எந்த பிரேக்? வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: எஞ்சினை 600 குதிரைத்திறனுக்கு ஏற்றிவிட்டேன். கம்பெனி பிரேக்கைக் கழற்றிவிட்டு ஆறு பிஸ்டன் காலிப்பரும் பெரிய டிஸ்க்கும் போட்டால் கார் இன்னும் சீக்கிரம் நிற்குமா?

முதல் மிதியில் இன்னும் சீக்கிரம் நிற்காது. டிஸ்க் என்பது வீலோடு சுழலும் இரும்பு வட்டு; காலிப்பர், பேட் என்ற உராய்வுக் கட்டைகளைப் பிஸ்டனால் அதன்மேல் அழுத்தும் கவ்வி. பெடலை ஓங்கி மிதித்ததும் ஏபிஎஸ் (வீல் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) துடிக்கிறதென்றால், இப்போதிருக்கும் பிரேக்கே டயரைப் பூட்டும் அளவுக்குப் பலமாக இருக்கிறது. அதற்குமேல் காரை நிறுத்துவது டயரின் பிடிப்புதான். நிற்கும் தூரம் குறைய வேண்டுமென்றால் முதலில் நல்ல டயர் வாங்குங்கள்.

பெரிய பிரேக்கின் அருமை ஐந்தாவது, பத்தாவது மிதியில்தான் தெரியும். எல்லாம் சூட்டைப் பொறுத்தது. 1500 கிலோ எடையுள்ள கார் மணிக்கு 200 கி.மீ. வேகத்திலிருந்து 80-க்கு இறங்கும்போது ஏறக்குறைய 19 லட்சம் ஜூல் ஆற்றல் சூடாகிறது. அதில் 70 சதவீதத்தை முன் பிரேக்குகள் வாங்கிக்கொள்வதாக வைத்தால், ஒரு முன் டிஸ்க்கின் பங்கு 6.8 லட்சம் ஜூல். பேட் உரசும் இரும்பு வளையம் 8 கிலோ இருந்தால் ஒரே மிதியில் சுமார் 170 டிகிரி ஏறும். 10 கிலோ இருந்தால் 136 டிகிரியோடு நிற்கும். அது ஆறுவதற்குள் அடுத்த வளைவு வந்துவிடும். குதிரைத்திறன் கூடிய கார் அந்த வளைவுக்கு இன்னும் சீக்கிரமாக, இன்னும் வேகமாக வந்து சேரும். வேகம் இரட்டித்தால் சூடு நான்கு மடங்கு என்பதையும் மறக்க வேண்டாம்.

எனவே, வாங்கும் முன் அளந்து பாருங்கள். டிஸ்க்கின் வெளி விளிம்பில் பூசும் வெப்பநிலைப் பெயின்ட் கிடைக்கிறது: பச்சை 430 டிகிரியிலும், ஆரஞ்சு 560-லும், சிவப்பு 610-லும் நிறம் மாறும். டிராக்கில் ஓட்டிவிட்டு வந்து பார்க்கும்போது பச்சை மட்டும் மாறியிருந்தால், அந்தச் சூட்டைத் தாங்கும் பேட்டும் புது பிரேக் ஆயிலும் போதும். சிவப்பும் மாறியிருந்தால் முதலில் குளிர்காற்றுக்கு வழி செய்யுங்கள். குழாயின் வாய் டிஸ்க்கின் முகத்தைப் பார்க்கக் கூடாது, நடுக்கண்ணைப் பார்க்க வேண்டும். டிஸ்க் சுழலும்போது நடுவிலிருந்து காற்றை இழுத்து உள்தடுப்புகள் வழியே வெளியே தள்ளுகிறது. முகத்தில் ஊதினால் ஒரு பக்கம் மட்டும் ஆறும், மறுபக்கம் கொதித்துக்கொண்டிருக்கும். இவ்வளவு செய்தும் சிவப்பு மாறினால், பெரிய டிஸ்க்குக்குச் செலவழிப்பது நியாயம்.

கேள்வி: ஒற்றைப் பிஸ்டனிலிருந்து ஆறு பிஸ்டனுக்குப் போனால் அழுத்தம் ஆறு மடங்கா?

இல்லை. எண்ணிக்கையைப் பார்க்காதீர்கள், பரப்பைப் பாருங்கள். நகரும் வகைக் காலிப்பரில் (பிஸ்டன் ஒரு பக்கம் மட்டும், உடல் நகர்ந்து மறுபக்கத்தை அழுத்தும்) 57 மி.மீ. பிஸ்டன் ஒன்று இருக்கிறது என்று வைப்போம். அதன் பரப்பு ஏறக்குறைய 2550 சதுர மி.மீ. நிலையான ஆறு பிஸ்டன் காலிப்பரில் ஒரு பக்கத்து மூன்றை மட்டும்தான் கணக்கில் எடுக்க வேண்டும், எதிர்ப்பக்கத்து மூன்றும் அதற்கு ஈடு கொடுக்கின்றன. அவை 28, 32, 38 மி.மீ. என்றால் மூன்றையும் கூட்டினாலும் அதே 2550 சதுர மி.மீ.தான். பிடிக்கும் விசையில் துளி வித்தியாசம் இல்லை. கிடைப்பது வேறு: நீளமான பேட்டை ஒரே சீராக அழுத்துவது, வளையாத காலிப்பர் உடல், தெளிவான பெடல்.

ஆனால் கூடவே 330 மி.மீ. டிஸ்க்கை 370 ஆக்கினால் கதை மாறுகிறது. பேட்டின் உயரம் 50 மி.மீ. என்றால், அது பிடிக்கும் ஆரம் 140-லிருந்து 160 மி.மீ. ஆகிறது. முன் பிரேக்கின் பலம் 14 சதவீதம் கூடிவிட்டது, பின் பிரேக் பழையபடியே இருக்கிறது. முன் டயர்கள் முந்திப் பூட்ட, ஏபிஎஸ் சீக்கிரமே குறுக்கிட, பின் டயர்களின் பிடிப்பு வீணாகிறது. இவ்வளவு செலவழித்தும் நிற்கும் தூரம் கூடிப்போகும் கார்கள் இப்படித்தான் உருவாகின்றன. பழைய சமநிலை வேண்டுமானால், அந்தப் பெரிய டிஸ்க்குக்குப் பிஸ்டன் பரப்பு 12 சதவீதம் குறைவான காலிப்பர் வேண்டும். இல்லையென்றால் பின் பிரேக்கையும் சேர்த்து மாற்ற வேண்டும். விற்பவரிடம் பிஸ்டன் விட்டங்களை எழுதிக் கேளுங்கள். சொல்லத் தெரியாதவரிடம் வாங்காதீர்கள்.

இன்னொன்று: பெடலை மிதிக்கும்போது ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரை மாற்றாமல் பிஸ்டன் பரப்பை மட்டும் கூட்டினால் பெடல் ஆழமாக இறங்கும்.

கேள்வி: டிராக்கில் நாலைந்து சுற்றுக்குப் பிறகு பிரேக் பிடிப்பதில்லை. பேட்டை மாற்றவா, ஆயிலை மாற்றவா?

பெடலைக் கேளுங்கள், அதுவே சொல்லும். கல் மாதிரி கெட்டியாக நின்றும் கார் நிற்கவில்லை என்றால் பேட் தன் சூட்டு எல்லையைத் தாண்டிவிட்டது. பெடல் பஞ்சு போல அமுங்கித் தரைவரை போனால் காலிப்பருக்குள் ஆயில் கொதித்து ஆவிக்குமிழ் உண்டாகியிருக்கிறது. இரண்டாவது அதிக ஆபத்து, ஏனென்றால் ஒரு மிதிக்கும் அடுத்த மிதிக்கும் இடையில் முன்னறிவிப்பே இல்லாமல் வரும். அப்படி வந்தால் பெடலைப் பலமுறை வேகமாக மிதித்து அழுத்தம் ஏற்றி, கியரைக் குறைத்து, ஓரமாக வந்துவிடுங்கள். அன்று மறுபடி தடத்தில் இறங்கக் கூடாது.

கேள்வி: டாட் 4-ஐ விட டாட் 5 உசத்தியா?

டாட் என்பது பிரேக் ஆயிலின் தரக்குறி. உங்கள் காரில் டாட் 5 ஊற்றவே ஊற்றாதீர்கள். அது சிலிகான். டாட் 3, 4, 5.1 மூன்றும் கிளைக்கால் வகை, இதோடு அது கலக்காது. பெயரில் ஒரு புள்ளிதான் வித்தியாசம் என்பதால் 5-க்கும் 5.1-க்கும் குழம்புகிறவர்கள் நிறைய.

கொதிநிலைக்கு இரண்டு எண்கள் உண்டு. புதிய ஆயிலுக்கு டாட் 4-இல் குறைந்தது 230 டிகிரி, 5.1-இல் 260. ஈரம் உறிஞ்சிய ஆயிலுக்கு முறையே 155, 180. கிளைக்கால் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும் என்பதால், இரண்டு வருடப் பழைய ஆயிலோடு டிராக்குக்குப் போகிறவர் நடைமுறையில் இரண்டாவது எண்ணில்தான் ஓட்டுகிறார். பந்தய ஆயில்களின் கொதிநிலை புதிதில் 300 டிகிரியைத் தாண்டும். டிராக் காருக்கு அதையே ஊற்றி, சீசனுக்கு ஒரு முறையாவது மாற்றுங்கள். டப்பாவைத் திறந்து மாதக்கணக்கில் வைத்திருந்த மிச்சத்தை ஊற்ற வேண்டாம்.

கேள்வி: பந்தய பேட்டை அன்றாட ஓட்டத்துக்கும் வைத்துக்கொள்ளலாமா?

வேண்டாம். குளிர்ந்திருக்கும்போது அது சரியாகப் பிடிக்காது, அதுவும் காலையில் முதல் சிக்னலிலேயே. டிஸ்க்கையும் அராவும், கிறீச்சிடும். பேட்டின் ஓரத்தில் இரண்டு எழுத்துக்குறி இருந்தால் முதலாவது குளிர்நிலைப் பிடிப்பையும், இரண்டாவது சூடான பிடிப்பையும் காட்டும்: இ (E) என்றால் உராய்வுக் கெழு 0.25 முதல் 0.35, எஃப் (F) 0.45 வரை, ஜி (G) 0.55 வரை. டிராக்குக்குத் தனி பேட் வைத்து, போகும் அன்று மாற்றிக்கொள்வது நல்லது.

கேள்வி: புது டிஸ்க், புது பேட். 500 கி.மீ.-க்குள் ஸ்டியரிங் நடுங்குகிறது. டிஸ்க் வளைந்துவிட்டதா?

பெரும்பாலும் வளைவதில்லை. பேட்டின் பொருள் டிஸ்க்கில் திட்டுத்திட்டாக ஒட்டியிருக்கும். ஒரு மில்லிமீட்டரில் நூறில் இரண்டு பங்கு தடிப்பு வித்தியாசம்கூடக் கைக்குத் தெரியும். சூடான பிரேக்கோடு நின்று பெடலை மிதித்தபடியே இருந்தால் பேட் வடிவத்திலேயே அச்சு விழும். டிஸ்க்கும் வீலும் மாட்டும் மையமான ஹப்பில் துருவைச் சுரண்டாமல் டிஸ்க்கை மாட்டுவது இன்னொரு காரணம். டயல் கேஜ் வைத்துப் பார்த்தால் டிஸ்க்கின் பக்கவாட்டு ஆட்டம் 0.05 மி.மீ.-க்குள் இருக்க வேண்டும்.

புதிதாகப் போட்டதும் பேட்டைப் படிய வைக்க வேண்டும். ஆளில்லாத, பாதுகாப்பான நேர்ப்பாதையில் 100-லிருந்து 20 கி.மீ. வரை எட்டுப் பத்து முறை உறுதியாக, ஏபிஎஸ் துடிக்காத அளவுக்கு மிதியுங்கள். எந்த முறையும் முழுதாக நிறுத்த வேண்டாம். பிறகு பிரேக்கைத் தொடாமல் பத்து நிமிடம் மெதுவாக ஓட்டி ஆற விடுங்கள். பேட் தயாரிப்பாளர் வேறு முறை சொல்லியிருந்தால் அதையே பின்பற்றுங்கள்.

கேள்வி: துளையிட்ட டிஸ்க்கா, கோடு போட்டதா?

டிராக்குக்குக் கோடு போட்டது. துளைகளின் ஓரத்திலிருந்துதான் விரிசல் கிளம்பும். மேற்பரப்பில் மயிரிழைக் கீறல்கள் இருப்பது சகஜம், ஆனால் ஒரு கீறல் விளிம்பைத் தொட்டாலோ, ஒரு துளையிலிருந்து அடுத்ததற்கு ஓடினாலோ டிஸ்க்கை அன்றே கழற்றுங்கள்.

கேள்வி: கார்பன் செராமிக் பிரேக்கோடு வந்த கார். டிராக்குக்கு இரும்பு டிஸ்க் போடச் சொல்கிறார்களே?

சரியான யோசனைதான். 2001-இல் போர்ஷே 911 ஜிடி2-இல் கம்பெனியிலிருந்தே பொருத்தி வந்த இந்த வகை டிஸ்க், இரும்பில் ஏறக்குறைய பாதி எடைதான். சாதாரண ஓட்டத்தில் நெடுநாள் உழைக்கும். ஆனால் டிராக்கின் தொடர்ச் சூட்டில் உள்ளிருக்கும் கார்பன் இழைகள் எரிந்து எடை குறையும். அதனால்தான் தடிமனை மட்டும் அளந்தால் போதாது, கழற்றி எடை போட்டு, டிஸ்க்கில் பொறித்திருக்கும் குறைந்தபட்ச எடையோடு ஒப்பிட வேண்டும். இரும்பு போடும்போது அதே விட்டமும் தடிமனும் உள்ளதாகத் தேடுங்கள், இரும்புக்கான பேட்டையும் சேர்த்து மாற்றுங்கள். செராமிக்கை உடையாமல் பெட்டியில் வையுங்கள். வீல் கழற்றும்போது ரிம் இடித்தாலே ஓரம் சிதறிவிடும்.

கேள்வி: புதுக் காலிப்பர் மாட்டி மூன்று முறை ஏர் எடுத்தும் பெடல் பஞ்சாகவே இருக்கிறது.

இடது வலது மாறியிருக்கிறதா பாருங்கள். ஏர் எடுக்கும் (ஆயிலில் சிக்கிய காற்றை வெளியே விடும்) நிப்பிள் மேலே இருக்க வேண்டும். கீழே இருந்தால் குமிழ் உச்சியிலேயே தங்கிவிடும், லிட்டர் கணக்கில் ஆயில் ஓட்டினாலும் வெளியே வராது. பிஸ்டன்கள் வெவ்வேறு அளவில் இருந்தால், டிஸ்க் உள்ளே நுழையும் பக்கம் சிறியது வர வேண்டும். நிலையான காலிப்பரில் உள்ளும் வெளியும் இரண்டு நிப்பிள் உண்டு, இரண்டிலும் எடுத்தாக வேண்டும். இதெல்லாம் சரியாக இருந்தால், ஏபிஎஸ் யூனிட்டுக்குள் காற்று புகுந்திருக்கலாம். ஸ்கேன் கருவியை இணைத்து அதன் பம்பை ஓடவிட்டு, மறுபடி நான்கு வீலிலும் ஏர் எடுங்கள்.