அண்ணன், தம்பி, ஒரு பழம்

அன்புள்ள சார்,

என் ஊர் கொடைக்கானல் மேல்மலையில் பூம்பாறை. நண்பர்கள் நாலைந்து பேர் சேர்ந்து ஒரு சின்னப் படம் எடுக்கப் போகிறோம். கையில் இருப்பது எட்டு லட்சம். ஒரே பள்ளியில் படிக்கும் அண்ணன், தம்பி கதை. அண்ணனுக்கு 18 வயது, தம்பிக்கு 15. இரண்டு பேருமே 3000 மீட்டர் ஓடுகிறவர்கள். அண்ணன்தான் ஊருக்கே செல்லப்பிள்ளை. தம்பி மெல்ல அவனை முந்தத் தொடங்குகிறான், வீட்டில் பேச்சு நின்றுபோகிறது. குறுவட்டம், மாவட்டம் எல்லாம் தாண்டி மாநிலப் போட்டியில் இருவரும் மோதுகிறார்கள். கடைசிச் சுற்றில் தம்பி சுருண்டு விழ, அண்ணன் அவனைத் தோளில் தாங்கி எல்லைக்கோட்டைத் தாண்ட வைக்கிறான். தம்பிக்குத் தங்கம்.

திரைக்கதையை இணைத்திருக்கிறேன். படித்த நண்பர் ஒருவர், "அண்ணன் தம்பி சண்டையை எத்தனை படத்துல பாத்தாச்சு, ஸ்டேடியம் காட்டக் காசும் இல்ல, விட்டுடு" என்கிறார். விட்டுவிடவா?

ச.,
பூம்பாறை

அன்புள்ள ச.,

விட வேண்டாம். திரைக்கதையை முழுதாகப் படித்தேன்.

பழைய கதை என்கிறார் நண்பர். பழையதுதான். உங்கள் மலைக்கு அந்தப் பக்கம் கீழே இருக்கும் பழனியே, பந்தயத்தில் தோற்ற ஒரு தம்பி வந்து நின்ற இடம்தானே? அவரே உங்கள் ஊரில் குழந்தை வேலப்பராக இருக்கிறார். அந்தக் கதையைக் கொஞ்சம் பொறுமையாகப் பாருங்கள். உலகத்தைச் சுற்றி முதலில் வருபவருக்குப் பழம் என்பது பேச்சு. தம்பி அதை அப்படியே நம்பி மயிலேறிக் கிளம்பிவிட்டான். அண்ணன் அப்பா அம்மாவைச் சுற்றிவந்து, இதுதான் உலகம் என்றான். அப்பா ஒத்துக்கொண்டார். தம்பி திரும்பி வரும்போது பழம் கைமாறியிருந்தது. இதில் தம்பி அண்ணனோடு ஒரு வார்த்தைகூட மல்லுக்கு நிற்கவில்லை. அவன் கோபமெல்லாம் பழத்தைக் கையில் வைத்திருந்தவர்கள்மேல். ஆண்டியாகி மலையேறியதும் அவர்களை விட்டுத்தான்.

உங்கள் திரைக்கதையில் இல்லாதது அதுதான். இரண்டு பையன்களும் காட்சிக்குக் காட்சி முறைத்துக்கொள்கிறார்கள், ஆனால் வீட்டில் யாரிடம் என்ன பழம் இருக்கிறது என்பதே தெரியவில்லை. பாராட்டு, பதக்கம், ஊர் மரியாதை என்று எழுதியிருக்கிறீர்கள். இதெல்லாம் வெளியில் கிடைப்பவை. வீட்டுக்குள் ஒன்றே ஒன்றுதான் இருக்க வேண்டும், அதை ஒருவனுக்குக் கொடுத்தால் இன்னொருவனுக்குக் கிடையாது என்றிருக்க வேண்டும்.

வேடிக்கை என்னவென்றால், அது உங்கள் 14-ஆம் காட்சியில் கிடக்கிறது. அரைப் பக்கம்கூட இல்லை. பூண்டுத் தோட்டத்தில் காட்டுமாடு இறங்காமல் இருக்க இரண்டு பேரும் இரவுக் காவலுக்குப் போகிறார்கள், தீ மூட்டிக் குளிர்காய்கிறார்கள், திரும்பி வருகிறார்கள். ஏதோ ஊர்ச்சாயலுக்காகப் போட்ட காட்சி மாதிரி போட்டுவிட்டுக் கடந்துவிட்டீர்கள். போட்டிக்கு முந்தைய இரவு அந்தக் காவலுக்கு யார் போவது? ஒருவன் போயே ஆக வேண்டும். ஒரு கூட்டம் இறங்கினால் விடிவதற்குள் பாத்தி பாத்தியாக மிதித்துவிடும், வடுகபட்டிச் சந்தைக்குப் போக வேண்டிய பூண்டு போய்விடும். போனவன் காலையில் தூங்காத கண்ணோடு ஓட வேண்டும். அப்பா வாசலில் உட்கார்ந்து டார்ச் லைட்டைத் தட்டித் தட்டிப் பார்க்கிறார், இரண்டு பேரில் ஒருவன் பெயரைச் சொல்ல வேண்டும். ஒரு ராத்திரித் தூக்கம், அதுதான் உங்கள் வீட்டுப் பழம். இந்தக் காட்சிக்கு எவ்வளவு செலவாகும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு வீடு, ஒரு டார்ச்.

அப்புறம் ஸ்டேடியம். மாவட்டமும் வேண்டாம், மாநிலமும் வேண்டாம். குறுவட்டப் போட்டியோடு படம் முடியட்டும். மலையிலேயே ஒரு பள்ளி மைதானம், சுண்ணாம்புக் கோடு, தூறலில் பாதி அழிந்திருக்கும். சீருடைப் பிள்ளைகள் ஓரமாக நிற்பார்கள், துணை நடிகர் செலவு கிடையாது. மத்தியானம் மூடுபனி இறங்கிவிட்டால் பத்தடிக்கு அப்பால் கூட்டம் இருக்கிறதா இல்லையா என்று யாருக்குத் தெரியப்போகிறது? ஆனால் அதே மூடுபனி தொடர்ச்சியைக் கெடுக்கும். ஏழரைச் சுற்று ஓட்டத்தில் மூன்றாம் சுற்று பளிச்சென்ற வெயிலிலும் நான்காம் சுற்று வெள்ளைப் புகையிலும் இருந்தால் சிரிப்பார்கள். ஓட்டத்தைத் தினமும் ஒரே நேரத்தில், அடுத்தடுத்த நாட்களில் எடுங்கள். பைன் காடு, குணா குகை பக்கமெல்லாம் வனத்துறை இடம், அனுமதி, கட்டணம் என்று இழுக்கும். பட்டா நிலத்திலேயே நில்லுங்கள். படிக்கட்டுத் தோட்டங்களை ட்ரோனில் காட்டும் தொடக்கக் காட்சியை மட்டும் தயவுசெய்து எடுத்துவிடுங்கள். கொடைக்கானல் என்றாலே வானத்திலிருந்துதான் இறங்க வேண்டுமா?

வயதுக் கணக்கு இடிக்கிறது. பள்ளிப் போட்டிகளில் 14, 17, 19 வயதுக்குட்பட்டோர் என்று பிரிவுகள் உண்டு. 18 வயது அண்ணனும் 15 வயது தம்பியும் வேறு வேறு பிரிவில் ஓடுவார்கள், மோதவே மாட்டார்கள். இடைவெளியை ஒன்றரை வருடமாக்கி இருவரையும் 17-க்குள் கொண்டுவாருங்கள். பி.டி. மாஸ்டர் "மலைக்காத்துல ஆக்சிஜன் ஜாஸ்திடா" என்கிறாரே, அது தலைகீழ். காற்றில் ஆக்சிஜன் விகிதம் எங்கேயும் ஒன்றுதான், உயரத்தில் காற்றழுத்தம்தான் குறைவு. பூம்பாறை உயரத்தில் ஒரு மூச்சுக்குக் கிடைப்பது கடல்மட்டத்தில் கிடைப்பதில் ஐந்தில் நான்கு பங்கு. உடம்பு சிவப்பணுக்களைக் கூட்டிச் சமாளித்துக்கொள்கிறது. ஆனால் வசனத்தை மாற்ற வேண்டாம், பி.டி. மாஸ்டர்கள் அப்படித்தான் பேசுவார்கள்.

முடிவுக்கு வருகிறேன். தாங்கிப் போவது நடக்காத விஷயம் இல்லை. 2016 செப்டம்பரில் மெக்சிகோவின் கொசுமெல் தீவில் நடந்த டிரையத்லானில் (நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் சேர்ந்த போட்டி) பிரிட்டனின் ஜானி பிரவுன்லீ முன்னணியில் ஓடிவந்து, வெயில் தாங்காமல் கடைசிச் சில நூறு மீட்டரில் தள்ளாடினார். பின்னால் வந்த அண்ணன் அலிஸ்டர் அவர் கையைத் தன் தோளில் போட்டு இழுத்துக்கொண்டு ஓடி, கோட்டருகே தம்பியை முன்னால் தள்ளிவிட்டார். தம்பி இரண்டாவது, அண்ணன் மூன்றாவது. இதற்குள் தென்னாப்பிரிக்காவின் ஹென்றி ஸ்கூமன் முந்திப்போய் ஜெயித்துவிட்டார். உங்கள் படத்தில் அண்ணன் தம்பியைத் தாங்கி வரும்வரை மற்ற ஓட்டக்காரர்கள் எங்கே போனார்கள்?

இன்னொன்று. உலகத் தடகள விதிப்படி, விழுந்தவரை இன்னொரு ஓட்டக்காரர் தூக்கி நிறுத்தலாம். தாங்கி முன்னால் கொண்டுபோகக் கூடாது, கொண்டுபோனால் தம்பிக்குத் தங்கம் இல்லை, தகுதி நீக்கம்தான். இந்த விதியை ஒளிக்காதீர்கள், அதன்மேலேயே காட்சியைக் கட்டுங்கள். நேற்று ராத்திரி காவலுக்குப் போனவன் தம்பி. கண் இருட்டிக்கொண்டு வந்து விழுகிறான். நன்றாகத் தூங்கி எழுந்த அண்ணன் அவனை நிறுத்துகிறான். அதற்கப்புறம் கையை விட வேண்டும், விட்டால் தம்பி ஓடுவானா, மறுபடி விழுவானா, தெரியாது. விடவில்லை என்றால் தம்பி அவுட். எப்போது விடுகிறான்? அதை நீங்கள்தான் எழுத வேண்டும். அப்பா மைதானத்தில் இருக்க வேண்டுமா என்று யோசித்தேன், இருக்கட்டும்.

கடைசியாக அம்மா. 2016 யூரோ கோப்பைக் கால்பந்தில் ஜாக்கா சகோதரர்கள் எதிரெதிர் அணியில் ஆடினார்கள். அண்ணன் டவுலான்ட் அல்பேனியாவுக்கு, தம்பி கிரானிட் சுவிட்சர்லாந்துக்கு. அவர்களுக்குள்ளும் ஒன்றரை வயதுதான் இடைவெளி. பிரான்சில் லென்ஸ் நகர மைதானத்தில் அவர்கள் அம்மா பாதி அல்பேனியக் கொடியும் பாதி சுவிஸ் கொடியுமாகத் தைத்த ஒரு டி-ஷர்ட்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சுவிட்சர்லாந்து 1-0 என்று ஜெயித்தது. ஆட்டத்தை மறந்தவர்களுக்கும் அந்தச் சட்டை ஞாபகம் இருக்கும். உங்கள் திரைக்கதையில் அம்மா மூன்று காட்சிகளில் வருகிறார், மூன்றிலும் சோறு போடுகிறார். அப்பா டார்ச்சைத் தட்டிக்கொண்டிருக்கும்போது அவர் எங்கே இருக்கிறார், யார் பெயரைச் சொல்வார், சொல்ல விடுவார்களா? அதை எழுதிவிட்டு அடுத்த வடிவத்தை அனுப்புங்கள், படிக்கிறேன்.